இடக்கையின் லயம்



"ஜாஸ் பியானோவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவேண்டும்" என்று இந்தச் சபையின் காரியதரிசி என்னிடம் கேட்டுக்கொண்டபோது, அதில் எந்தப் பகுதியைப் பற்றி என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சற்றே திகைத்து, "எல்லாவற்றையும் பற்றித்தான்" என்றார். எல்லாவற்றையும் பற்றி ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்கக்கூடிய ஆற்றலுள்ளவர்கள் இருக்கலாம். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆகையால், பியானோ வாசிக்கிறவனுடைய இரண்டு கைகளில் ஒன்றை, அதிலும் கேட்பவர்கள் வழக்கமாகக் கவனிக்காமல் விட்டுவிடுகிற இடக்கையை மாத்திரம் எடுத்துக்கொண்டு, 1910-ஐ ஒட்டித் தொடங்கிச் சுமார் முப்பது வருஷ காலம் நியூயார்க் நகரத்துக் கறுப்பு மக்களின் பேட்டைகளில் அந்தக் கை செய்த காரியத்தைச் சொல்ல அநுமதி கேட்டேன். பெருந்தன்மையோடு அநுமதித்தார்.

அந்த வாசிப்பு முறைக்கு "ஸ்ட்ரைடு" என்று பெயர். கால்களை அகல வீசி எட்டு வைத்து நடப்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். இங்கே அப்படி நடப்பது கை. நான்கு அடிகள் கொண்ட ஓர் ஆவர்த்தத்தில் முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடக்கையானது பியானோவின் இடக்கோடியில் உள்ள மந்த்ர ஸ்வரத்தைத் தொடுகிறது. இரண்டாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் அங்கிருந்து தாவி வந்து, கட்டைகளின் நடுப்பகுதியில் மூன்று நான்கு ஸ்வரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்கிறது. அப்படிச் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தைக் "கார்டு" என்பார்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று; மறுபடியும் கீழே, மறுபடியும் மேலே; பாட்டு முடிகிற வரையில் இந்த ஊஞ்சல் நிற்பதில்லை. துரித காலத்தில் நிமிஷத்துக்கு 200 அடிகளுக்கு மேலும் ஓடுகிற உருப்படிகள் இருக்கின்றன. அப்போது ஒரு தாவலுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் கை இரண்டு ஸ்தாயி தூரம் போய், குறி தவறாமல் விழவேண்டும்; அடுத்த அடிக்குள் திரும்பியும் வந்துவிடவேண்டும். இத்தனைக்கும் வாசிக்கிறவர் கையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிச் சிரித்துக்கொண்டே வாசித்தால்தான் அவர்களுக்குள்ளே அவருக்கு மரியாதை.

ஒரு கை ஏன் இவ்வளவு பாடுபடவேண்டும் என்று கேட்டால், அதற்கு விடை சங்கீத சாஸ்திரத்தில் அகப்படாது, சரித்திரத்தில்தான் தேடவேண்டும். 1739-ஆம் ஆண்டில் தெற்குக் காரோலினாவில், ஸ்டோனோ என்ற ஆற்றங்கரையில், அடிமைகள் முரசு முழக்கிக்கொண்டு எஜமானர்களுக்கு எதிராகக் கிளம்பினார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மறு வருஷம் இயற்றப்பட்ட சட்டம், ஆயுதங்களோடு சேர்த்து முரசையும் கொம்பையும் அடிமைகளுக்கு விலக்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட ஒரு ஜனசமூகத்தின் கையிலிருந்து தாள வாத்தியத்தைப் பிடுங்கிவிட்டால் தாளமும் போய்விடும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எண்ணியிருந்தால், அவர்களுக்குத் தாளம் என்பது இன்னதென்று தெரியாது என்றுதான் சொல்லவேண்டும். முரசு போயிற்று, கைதட்டல் இருந்தது, பாதம் இருந்தது, மரத் தரையில் ஊன்றித் தட்டுகிற கோல் இருந்தது. காரோலினா, ஜார்ஜியா கடற்கரையோரத் தீவுகளில் அந்த மக்கள் தொழுகை முடிந்தபின் வட்டமாகச் சுற்றி வந்து, ஒருவர் பாட மற்றவர் ஏற்க, ஒருவர் கோல் தட்ட, பாதங்களைத் தரையோடு தேய்த்தபடி நகர்ந்து செய்த ஒரு வழிபாடு உண்டு. "ரிங் ஷவுட்" என்று பெயர். காலோடு கால் குறுக்கிட்டால் அது நடனம், ஆகவே பாவம்; குறுக்கிடாமல் நகர்ந்தால் அது பிரார்த்தனை! இந்த நுட்பமான பேதத்தை வகுத்தவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அந்தக் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர்கள் நியூயார்க்கில், மன்ஹாட்டன் தீவின் மேற்குப் புறத்தில் ஸான் ஹுவான் ஹில் என்ற பேட்டையில் குடியேறினார்கள். அங்கே "ஜங்கிள்ஸ் காஸினோ" என்று ஒரு நடனக் கூடம் இருந்தது. கேளிக்கைக் கூடத்துக்கு உரிமம் கிடைப்பது துர்லபமாகையால், அது நடனப் பள்ளிக்கூடம் என்ற பெயரில் நடந்துவந்தது. 1913-ஐ ஒட்டி அங்கே பியானோ வாசிக்க வந்தவர் ஜேம்ஸ் பி. ஜான்ஸன் என்ற இளைஞர். 1894-இல் நியூ ஜெர்ஸியில் பிறந்தவர். ப்ரூட்டோ ஜியன்னினி என்ற இத்தாலிய ஆசிரியரிடம் முறையாக ஐரோப்பிய சங்கீதம் கற்றவர். அவர் எதிரே ஆட வந்தவர்களோ காரோலினா மூட்டை தூக்கிகளும் கூலிகளும். நாகரிகமான இரண்டொரு நடனங்களை ஆடிச் சலித்தபின், ஊர்ப்பக்கத்துப் பாட்டாக வாசிக்கும்படி அவர்கள் கூவுவார்கள். கூடத்தில் முரசு கிடையாது; மந்த்ர ஸ்வரம் வாசிக்கும் பாஸ் வாத்தியம் கிடையாது; ஒரே ஒரு பியானோ. நூறு பாதங்களை அது ஆட்டிவைக்க வேண்டும், மணிக்கணக்காக. பிடுங்கப்பட்ட முரசு நூற்றெழுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு பியானோக்காரனுடைய இடக்கையில் மறுபிறவி எடுத்தது என்று நான் சொன்னால், அதை அலங்காரமாக எண்ணித் தள்ளிவிடவேண்டாம். அந்த ஆட்டக்காரர்களுக்காக வாசித்ததிலிருந்துதான் ஜான்ஸனுடைய பெரும்புகழ் பெற்ற உருப்படி பிறந்தது. அதன் பெயரே "காரோலினா ஷவுட்".

இனி "ஸ்விங்" என்ற விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன், ஸ்ட்ரைடுக்குத் தாய் வீடான ராக்டைமைப் பற்றி இரண்டு வார்த்தை. 1899-இல் வெளிவந்த "மேப்பிள் லீஃப் ராக்" என்ற உருப்படியால் ஸ்காட் ஜாப்ளின் என்பவர் அந்த சங்கீதத்துக்கு ஒரு கௌரவத்தைத் தேடித் தந்தார். அதுவும் இடக்கை தாளம் போட, வலக்கை அதற்கு முரணாக அழுத்தங்களைத் தள்ளி வைத்துப் பாடுகிற சங்கீதந்தான். ஆனால் ஜாப்ளின் அதை எழுதிவைத்தார். எழுதியபடியே, அவசரப்படாமல் வாசிக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் எழுதிய ஸ்வரங்களில் ஓர் அடியின் நான்கு கூறுகளும் சமமானவை. தறியில் ஓடும் இழைபோல ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாதவை. இப்போது 1938-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூலகத்தில், ஆலன் லோமாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒலிப்பதிவு செய்ய, ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற நியூ ஆர்லியன்ஸ் பியானோ வித்வான் தம் வாழ்க்கையையும் வித்தையையும் நாட்கணக்கில் சொல்லிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்தார். அந்தப் பதிவுகளில் ஓரிடத்தில் இதே "மேப்பிள் லீஃப் ராக்"கை ராக்டைம்காரர்கள் வாசிக்கும் ரீதியில் முதலில் வாசித்துக்காட்டி, அடுத்து அதையே தம்முடைய ரீதியில் வாசிக்கிறார். ராகம் ஒன்று, கார்டுகள் ஒன்று, கட்டு ஒன்று. ஆனால் முதலாவதில் ஸ்வரங்கள் அணிவகுத்துச் செல்லுகின்றன; இரண்டாவதில் அவை தோளை அசைத்துக்கொண்டு நடக்கின்றன. மார்ட்டன் இந்த நியூயார்க் கோஷ்டியைச் சேர்ந்தவர் அல்லர், தற்பெருமைக்காரர், ஜாஸையே தாம்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டவர். இருந்தாலும் ஸ்விங் என்பது யாது என்பதை அந்தச் சில நிமிஷங்களில் விளங்கவைத்ததுபோல வேறு எந்தப் பாடபுஸ்தகமும் விளங்கவைக்கவில்லை.

பாடபுஸ்தகம் சொல்லுவது இதுதான்: ஓர் அடியை இரண்டு சம பாதியாக வகுக்காமல், முதற் பாதியை நீட்டியும் பிற்பாதியைக் குறுக்கியும் வாசிக்கவேண்டும், அதாவது அடியை மூன்று பங்காக்கி, இரண்டு பங்கு முதல் ஸ்வரத்துக்கும் ஒரு பங்கு அடுத்ததற்கும் கொடுக்கவேண்டும். நம்மவர் ஒருவருக்கு இதைச் சொன்னால், "அப்படியானால் திஸ்ர நடைதானே!" என்று உடனே சமாதானம் அடைந்துவிடுவார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் அடைந்திருந்தேன். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு இசைத்தட்டுகளைக் கேட்கக் கேட்க, அந்தச் சமாதானம் குலைந்துபோயிற்று. விளம்ப காலத்தில் முதல் ஸ்வரம் அடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக, சில சமயம் மூன்று மடங்குவரைகூட நீளுகிறது. காலம் துரிதமாக ஆக ஆக அந்த வித்தியாசம் தேய்ந்து தேய்ந்து, அதிதுரிதத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே ஆகிவிடுகின்றன. ஜான்ஸனுடைய சிஷ்யரான ஃபேட்ஸ் வாலர் 1929-இல் பதிவுசெய்த "ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்" என்ற உருப்படியைக் கேளுங்கள். நீள ஸ்வரம், குறு ஸ்வரம் என்று பிரித்து அளக்க அந்த வேகத்தில் இடமே இல்லை. ஆனாலும் உட்கார்ந்திருக்கிறவன் கால் தரையில் நிற்பதில்லை. ஆகவே, பங்கு பிரிக்கிற கணக்கு ஸ்விங்கின் ஓர் அங்கமே ஒழிய ஸ்விங் ஆகாது.

அப்படியானால் அது எங்கே இருக்கிறது? என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். அது இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்கிறது. இடக்கை காலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலக்கை அந்தக் காலத்தின்மீது சாய்ந்துகொள்ளுகிறது. சில சங்கதிகளை ஓர் இமைப்பொழுது பிந்திப் போடுகிறது. சிலவற்றை அடி விழுவதற்கு முன்பே பாதி அடி முந்திக்கொண்டு எடுக்கிறது. எப்போதும் திரும்பிவர வீடு உண்டு என்ற தைரியத்தில் ஊர் சுற்றுகிற பிள்ளையைப்போலத் திரிகிறது. இடக்கை தள்ளாடினால் இந்த விளையாட்டு ஒன்றுமே புலப்படாது. எதிலிருந்து பிந்துகிறது என்று காட்டுவதற்கு ஒரு நிலை வேண்டும் அல்லவா? ஆனால் கவனியுங்கள், அந்த இடக்கையும் கடிகாரத்தின் பெண்டுலம் ஆகிவிடக்கூடாது. மந்த்ர ஸ்வரம் ஆழமாகவும் சற்று நீண்டும் ஒலிக்க வேண்டும். கார்டு குறுகலாக, தொட்டதும் விட்டதுமாக ஒலிக்கவேண்டும். இருந்தும் அழுத்தத்தை மந்த்ர ஸ்வரம் முழுவதும் அபகரித்துவிடாமல், ஜனங்கள் கைதட்டுகிற இரண்டாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் ஓர் உயிர்ப்பு மிஞ்சவேண்டும். கீழ்ஸ்வரம் இழுக்க, மேற்கார்டு தூக்கிவிட, அந்த இழுப்புக்கும் தூக்குதலுக்கும் இடையில் ஒரு சின்ன நிசப்தம் இருக்கிறது. ஆட்டக்காரனுடைய பாதம் தரையை விட்டு எழும்புவது அந்த நிசப்தத்தில்தான். புதிதாகக் கற்கிறவர்கள் அதைத்தான் முதலில் விழுங்கிவிடுகிறார்கள். தாவலுக்குப் பயந்த கை முன்னதாகவே போய் விழும்; காலப்பிரமாணம் மெல்ல மெல்ல ஓட்டமெடுக்கும்; ஸ்வரம் ஒன்றுகூடத் தப்பியிராது, ஆனால் கேட்கிறவன் காலும் அசையாது. இதற்கு மருந்து, வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையை மாத்திரம், கட்டைகளைப் பாராமல், விளம்ப காலத்தில் மாதக் கணக்கில் வாசிப்பது. இந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் சொற்பம்.

இடக்கைக்கே உரிய நயங்களில் இரண்டைச் சொல்லாமல் விடமுடியாது. ஒன்று, "பத்தாவது" என்பது. கீழே ஒற்றை ஸ்வரத்தையோ அதன் மேல் ஸ்தாயி ஸ்வரத்தைச் சேர்த்தோ வாசிப்பதற்குப் பதிலாக, அந்த ஸ்வரத்தோடு, ஒரு ஸ்தாயி தாண்டி மேலே இருக்கும் காந்தாரத்தைச் சேர்த்துப் பிடிப்பார்கள். வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் பத்தாவது கட்டை. சாதாரணக் கைக்கு ஸ்தாயியைத் தாண்டி ஒரு கட்டை எட்டுவதே பாடு. லக்கி ராபர்ட்ஸ் என்ற மூத்த வித்வானுடைய கைவிரிவு அவர்களுக்குள்ளேயே ஆச்சரியமாகப் பேசப்பட்டது. வாலருக்கும் பெரிய கை. எட்டாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யமான சங்கதி. கீழ்ஸ்வரத்தை அடிக்குச் சற்று முன்பே தொட்டுவிட்டு, மேல்ஸ்வரத்தைச் சரியாக அடியில் வைத்தார்கள். குறையை மறைக்கப் பிறந்த அந்த உபாயம், தாளத்துக்கு ஒரு சாய்வையும் குழைவையும் கொடுத்தது. பிற்பாடு நீண்ட கைக்காரர்களும் வேண்டுமென்றே அப்படி உடைத்து வாசித்தார்கள்.

மற்றொன்று, கணக்கு. "காரோலினா ஷவுட்"டின் முதற் பகுதியில், கீழ்–மேல் என்று இரண்டிரண்டாகப் போய்க்கொண்டிருக்கும் இடக்கை, எட்டு அடிகளைத் திடுமென்று மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்துவிடுகிறது. மந்த்ர ஸ்வரத்தை எதிர்பார்த்த அடியில் கார்டு விழுகிறது. கார்டை எதிர்பார்த்த அடியில் மந்த்ர ஸ்வரம் விழுகிறது. வலக்கையோ ஒன்றும் நடக்காததுபோலத் தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு இந்த உருப்படியின் இசைத்தட்டைப் போட்டுக்காட்டினேன். முதலில் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "தகிட தகிட தக" என்று சொல்லித் தொடையில் தட்டி, வாய்விட்டுச் சிரித்தார். அதற்குமேல் இரண்டு சங்கீதங்களையும் இழுத்து முடிபோட நான் விரும்பவில்லை. அவர்களுடைய கணக்கு அவர்களுடைய பாதத்திலிருந்து வந்தது. 1923-இல் உலகத்தையே ஆட்டிவைத்த "சார்ல்ஸ்டன்" நடனத்துக்கு மெட்டுப் போட்டவரும் இதே ஜான்ஸன்தான். எட்டு அரையடிகளில் முதலாவதும் நான்காவதும் அழுத்தம் பெறுகிற அந்தச் சந்தம், ஜங்கிள்ஸ் காஸினோவில் ஆடிய கூலிகளின் காலில் அவர் கண்டதே. ஒரு தலைமுறை வெள்ளைக்கார யுவதிகள் அதை ஆடித் தீர்த்தார்கள். அவருடைய பெயரை எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்த வித்தை குருகுலமில்லாமல் பரவிய விதமும் விநோதமானது. அக்காலத்தில் தானாகவே வாசிக்கும் பியானோக்கள் இருந்தன. துளையிட்ட காகிதச் சுருளை அதற்குள் சுற்றிவிட்டால், கட்டைகள் பேய் பிடித்தாற்போலத் தாமே அமுங்கி எழும். ஜான்ஸன் "காரோலினா ஷவுட்"டைச் சுருளாக வெளியிட்டபின், வாஷிங்டனில் டியூக் எல்லிங்டன் என்ற இளைஞர் அதை மிக மெதுவாக ஓடவிட்டு, அமுங்குகிற கட்டைகளின்மேல் தம் விரல்களை வைத்துக் கற்றுக்கொண்டார். ஜான்ஸன் அந்த ஊருக்கு வந்தபோது அவர் எதிரிலேயே வாசித்தும் காட்டினார். ஜாஸ் பியானோவைப் பாவகாரியமாகக் கருதிய பக்திமானான தகப்பனாருக்குப் பிறந்த ஃபேட்ஸ் வாலரும், தாயை இழந்து வேறொரு பியானோக்காரர் குடும்பத்தில் தங்கியிருந்த காலத்தில், அதே சுருளை அதே விதமாகத்தான் கற்றார். பின்னர் ஜான்ஸனிடமே சிஷ்யரானார். சிஷ்யராக வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். எந்தக் கட்டை, எப்போது என்பதைச் சுருள் சொல்லும்; எவ்வளவு பாரம், எவ்வளவு லேசு என்பதைச் சொல்லாது. 1921-இல் ஜான்ஸன் இதே உருப்படியை இசைத்தட்டிலும் வாசித்தார். அந்தக் காலத்துப் பதிவு, தகரப் புனலுக்குள் வாசித்ததுபோல இரைச்சலாக இருக்கும். ஆனால் சுருளில் இல்லாத உயிர் அதில் இருக்கிறது.

இவர்களுக்குச் சபை எது? நியூயார்க்கின் ஹார்லெம் பேட்டையில் கறுப்பு மக்களிடம் வீட்டுக்காரர்கள் அதிக வாடகை கறந்தார்கள். மாதக் கடைசியில் வாடகைக்கு வழியில்லாத குடித்தனக்காரர், வீட்டுச் சாமான்களை ஒதுக்கிவிட்டு, ஒரு பியானோக்காரரை அமர்த்தி, தலைக்குக் கால் டாலர் அளவில் வாங்கிக்கொண்டு ஊரை உள்ளே விடுவார். இரவு முழுவதும் ஆட்டமும் சாப்பாடும், சட்டம் விலக்கியிருந்த மதுவும் நடக்கும். பியானோக்காரர்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போய் ஒருவரோடொருவர் போட்டியிடுவார்கள். வில்லி ஸ்மித் என்பவர் தம்மைச் "சிங்கம்" என்றே சொல்லிக்கொள்ளுவார். தலையில் வட்டத் தொப்பி, வாயில் சுருட்டு. உயர்ந்த மேலங்கியைக் கழற்றி, அதன் விலையுயர்ந்த உள்துணி வெளியே தெரியும்படி மடித்துப் பியானோமேல் வைத்து, தமக்கென்றே உரிய ஒரு கார்டைத் தட்டிவிட்டுத்தான் ஒவ்வொரு வித்வானும் வாசிக்கத் தொடங்குவாராம். அவைப் பிரவேசம் என்பது எல்லா தேசத்து வித்வான்களுக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் ஒஹாயோவிலிருந்து பார்வை அநேகமாக இல்லாத ஆர்ட் டேட்டம் என்ற பியானோக்காரர் வந்து, ஜான்ஸன், வாலர், ஸ்மித் மூவர் எதிரிலும் வாசித்த இரவோடு அந்தப் போட்டிகளின் தீர்ப்பு முடிந்துவிட்டது. டேட்டத்தின் விரல்களுக்கு நிகரில்லை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடுவதற்கு வாசிக்கச் சொன்னால் நான் ஜான்ஸனைத்தான் கூப்பிடுவேன்.

பிற்பாடு அந்த இடக்கைக்கு என்ன ஆயிற்று? வேலை போயிற்று, அவ்வளவுதான். லிங்கன் தியேட்டரில் வாலரிடம் ஆர்கன் பழகிய கவுண்ட் பேஸி என்ற பியானோக்காரர், தம் வாத்தியக் கோஷ்டியில் பாஸுக்கு வால்டர் பேஜையும் டிரம்முக்கு ஜோ ஜோன்ஸையும் கிதாருக்கு ஃப்ரெடி கிரீனையும் வைத்துக்கொண்டபின், இடக்கையால் தாளம் போட அவசியம் இல்லாமற்போகவே, ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் களைந்து, கடைசியில் ஓரிரு விரல் சிமிட்டலோடு நிறுத்திக்கொண்டார். 1940-களில் வந்த பட் பவல் போன்ற பியானோக்காரர்களிடம் இடக்கை அங்கங்கே ஒரு சொல் சொல்லிவிட்டு மௌனமாகிவிட்டது. விதிவிலக்காக, ஜான்ஸன் வளர்ந்த அதே ஸான் ஹுவான் ஹில்லில் பிற்பாடு வளர்ந்த தெலோனியஸ் மாங்க் என்ற பியானோக்காரர், தனியாக வாசிக்கும்போது, கோணலும் குறும்புமாக அந்தப் பழைய நடையை நடந்துகாட்டினார்.

ஜான்ஸன் கச்சேரி மண்டபங்களுக்கான பெரிய படைப்புகள் எழுதவேண்டும் என்று கடைசிவரை பாடுபட்டார். "யாமெக்ரா" என்ற படைப்பு 1928-இல் கார்னெகி மண்டபத்தில் அரங்கேறியது. பியானோவில் அமர்ந்தவர் சிஷ்யர் வாலர். ஜான்ஸனுடைய அவ்வகைப் படைப்புகளை அவர் காலத்து மேதாவிகள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. 1955-இல் காலமானார். நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது 2009-ஆம் ஆண்டில்.

என் பேச்சு முடிந்தது. அதோ அந்தப் பெட்டியில் இருப்பது 1921-ஆம் ஆண்டுத் தட்டின் மறுபதிவு. மூன்று நிமிஷங்கூட ஆகாது. இரண்டு முறை போடுகிறேன். முதல் முறை, உங்கள் விருப்பம்போலக் கேளுங்கள். இரண்டாம் முறை, தயவுசெய்து வலக்கையை மறந்துவிட்டுக் கீழே மாத்திரம் கேளுங்கள்.